யார் போட்ட கணக்கு?

ஜப்பானில் சுமிட்டோமோ சிமெண்ட் கம்பெனியில் 1960 வாக்கில் அலுவலக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. திருமணம் ஆனாலோ முப்பது வயதை எட்டினாலோ வேலையை விட்டு விலகிவிட வேண்டும். ஒரு பெண் எழுதிக் கொடுத்தார். திருமணமும் செய்துகொண்டார். ஆனால் விலகவில்லை. கம்பெனி அவரை நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். 1966இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பைவிடக் கம்பெனி முன்வைத்த வாதம்தான் என்னை விடாமல் துரத்துகிறது. மணமானால் பெண்ணின் கவனம் வீட்டுக்குப் போய்விடும் என்ற வழக்கமான பேச்சும் அதில் இருந்தது. அதைத் தள்ளிவிடலாம். மற்றொன்று வெறும் கணக்கு. எங்களிடம் சேவை ஆண்டுகளுக்கு ஏற்பச் சம்பளம் ஏறுகிறது. பெண்களுக்கு நாங்கள் தருவது துணை வேலை. நீண்ட காலம் இருந்தால் செய்கிற வேலையைவிட வாங்குகிற சம்பளம் மிகுந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. துணை வேலை மட்டும்தான் தருவது என்று முடிவு செய்ததும் அதே கம்பெனி என்பதை மறந்துவிட்டால்.

மேலாண்மை படிக்கும் மாணவிகளுக்கு ஜப்பானிய நிர்வாகத்தின் மூன்று தூண்கள் மனப்பாடம்: ஆயுட்கால வேலை, சேவை ஆண்டுக்கேற்ற சம்பளம், கம்பெனிக்குள்ளேயே அமைந்த தொழிற்சங்கம். ஆசியாவின் முதலாளித்துவம் ஒரே அச்சில் வார்த்ததல்ல, அந்தந்த நாட்டின் வங்கியும் அரசும் சங்கமும் கம்பெனிகளின் வியூகத்தை வடிவமைக்கின்றன என்றும் பாடம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் நான்காவது தூண் ஒன்று வீட்டுச் சமையலறையில் நின்றது. நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருக்கவும், மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டியோடு வேற்றூர் போகவும் ஓர் ஆணால் முடிந்ததென்றால், பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொள்ள ஒருத்தி வீட்டில் இருந்தாள். தமிழில் கம்பெனியையும் நிறுவனம் என்கிறோம், குடும்பத்தையும் சமூக நிறுவனம் என்கிறோம். குழப்பமான சொல் என்று முன்பு எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது பொருத்தமாகத்தான் தெரிகிறது.

அரசும் இந்தத் தூணுக்குச் சிமெண்ட் பூசியது. 1961இல் இல்லத்தரசியின் கணவனுக்கு வருமான வரிச் சலுகை வந்தது. 1986 முதல் சம்பளக்காரரின் மனைவி, வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால், சந்தா கட்டாமலே ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றாள். வரிக்கான வரம்பு நீண்ட காலம் ஆண்டுக்கு 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னாக இருந்தது. அதைத் தாண்டாமலிருக்க, பகுதிநேர வேலை பார்க்கும் மனைவிமார் ஆண்டு முடியும் தறுவாயில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். குறைந்த கூலிக்கு, வேண்டும்போது கூப்பிடக்கூடிய ஆட்கள் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

1985இல் சமவாய்ப்புச் சட்டம் வந்தபோது பெரிய கம்பெனிகள் இரண்டு பாதைகளைத் திறந்தன. ஒன்று பதவி உயர்வும் ஊர் மாற்றலும் உள்ளது. மற்றொன்று இரண்டும் இல்லாத எழுத்தர் வேலை. எதையும் தேர்ந்தெடுக்கலாம், ஆணென்ன பெண்ணென்ன! பெரும்பாலான பெண்கள் இரண்டாவதில் போய் நின்றார்கள். அவர்களே விரும்பித்தானே என்றார்கள்.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. பெண்கள் விலகிவிடுகிறார்கள், அதனால் பயிற்சி தருவதில்லை என்கிறார் மேலாளர். மேலே போக வழியில்லை, அதனால் விலகுகிறேன் என்கிறாள் அவள். உன் சம்பளம் சிறியது, நீயே வீட்டில் இரு என்கிறான் கணவன். யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் குற்றம் யாருடையது? அமைப்பினுடையது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. இந்த வட்டத்தால் லாபம் பார்க்கிறவருக்கு அதை உடைக்கும் கடமையும் உண்டு. சராசரிப் பெண் விலகுவாள் என்பது, எதிரே நிற்கும் இந்தப் பெண்ணை நீக்கக் காரணமாகாது. தன் நிலைமையை அறிந்து எழுத்தர் வேலையைத் தேர்ந்தவளை ஏமாளி என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஆசியப் பண்பாடு அப்படி என்பார்கள். தைவானைப் பாருங்கள். அதே கன்பூசிய மரபுதான். ஆனால் அங்கே ஏற்றுமதியைச் சுமந்தவை சின்னஞ்சிறு குடும்பப் பட்டறைகள். 1970களில் அரசே வரவேற்பறையைத் தொழிற்சாலையாக்குங்கள் என்று இயக்கம் நடத்தியது. ஜப்பானியப் பெருங்கம்பெனி மனைவியை வீட்டுக்கு அனுப்பியது. தைவானியப் பட்டறை அவளைக் கூலியில்லாத கையாக உள்ளேயே வைத்துக்கொண்டது. பண்பாடு ஒன்று, வியூகம் இரண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் இரண்டு இடத்திலும் அவள் பெயர் இல்லை.

தைவானில் வளர்ந்த ஃபாக்ஸ்கான் இன்று ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டுகிறது. அங்கே பணியாற்றுபவர்களில் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபின், 2021 டிசம்பரில் அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல், பூட்டும் வேலைக்கு மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு என்று ஆள் எடுத்தவர்கள் காரணம் சொன்னதாகவும் அச்செய்தி கூறியது. கம்பெனி பாகுபாடு காட்டவில்லை என்று மறுத்தது. ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

டோக்கியோ பெண்ணிடம் எழுதி வாங்கினார்கள். இங்கே, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற ஒரு கேள்வியை வாசலில் வாயால் கேட்டாலே போதும். வழக்குப் போடலாம் என்று அவள் நினைத்தாலும் கையில் காட்ட ஒரு தாள் இருக்காது.