பாஷை தெரியாத பூசை



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், நம் தாய்மார் முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" அடுத்தது "பூசைக்குப் போனியா?" ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்க்கும் நம் பங்குப் பிள்ளைகள் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: "கோவில் பக்கத்துலதான் சாமி. ஒண்ணும் புரியல. அதான் போறதில்ல."

கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கோவில் பலகையில் தெரியும் பாட்டு எண்ணைப் பார்த்து, அங்குள்ள 'கோட்டஸ்லோப்' என்ற பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் பாட்டே முடிந்துவிடும். கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவு திறந்தது 1963-இல். அதுவரை நம் ஊர்களிலும் குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில்தான் பூசை வைத்தார். பாட்டிமார் செபமாலையோடு இருந்தார்கள். மணி அடித்ததும் தலை தாழ்த்தினார்கள், நன்மை வாங்கினார்கள், மனப்பாரம் இறங்கி வீடு திரும்பினார்கள். தாய்மொழி பெரிய கொடை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிகிற இந்தத் தமிழ்ப் பூசையில் நம் மனம் எங்கே இருக்கிறது? என் மறையுரை நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும்!

பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஞாயிறு வாசகங்கள் பெரும்பாலும் இங்கும் அங்கும் ஒன்றுதான். தமிழில் வாசித்துவிட்டுப் போகட்டும். இரவு வேலை முடிந்து, களைத்து, பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். எப்படிச் செபிப்பது என்று அறியாத நமக்காகத் தூய ஆவியாரே பரிந்து பேசுகிறார் என்று உரோமையருக்குப் பவுல் எழுதினாரே. வாய் திறக்காதவர்களின் மன்றாட்டும் கடவுளுக்குக் கேட்கும்.

இன்னொன்று. ஜார்க்கண்டிலிருந்து நம் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாதது நம் தமிழ். சமாதானம் பகிரும்போது அவர்கள் பக்கம் திரும்புகிறோமா? உங்கள் மகளுக்கு அங்கே யாராவது பக்கம் எடுத்துக் கொடுக்க மாட்டார்களா என்று ஏங்குகிறீர்கள் அல்லவா? இவர்களைப் பெற்றவர்களும் அப்படித்தான் ஏங்குவார்கள். இன்று பூசை முடிந்ததும் அவர்களிடம் போய், பெயரைக் கேட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.