ஒரு நாள் வாதமும் ஆறு மாதக் கீரையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஐந்து வயதில் திருப்பாவை முப்பது பாசுரங்களையும் பிழையறச் சேவிக்கும் குழந்தையைக் கண்டு கோஷ்டி முழுவதும் உகக்கிறது. அக்குழந்தையே பதினைந்து வயதில் சந்தைக்கு வர மறுக்கும்போது பெற்றோர் திகைக்கின்றனர். ஒருமுறை கேட்டதும் நெஞ்சில் பதிந்துவிடுபவனுக்கு, ஆசார்யன் சொன்னதை இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை வீணாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இளமையில் வாய்த்த மேதை பின்னாளில் நியமத்துக்குத் துணையா, தடையா? இதற்கு ஆளவந்தார் வைபவத்தில் விடை உண்டு.

ஸ்ரீமந்நாதமுனிகளின் திருப்பேரனாரான யாமுனர், தம் குருவிடம் அரசவைப் புலவன் ஆக்கியாழ்வான் கப்பம் கேட்டபோது, பாலகராயிருந்தும் தாமே வாதுக்கு எழுந்தருளினார். "உன் தாய் மலடியல்லள், அரசன் தார்மிகன், அரசி பதிவிரதை. இவற்றை மறுத்துப் பேசுக" என்றார். ஆக்கியாழ்வானுக்கு நா எழவில்லை. அரசி "ஆளவந்தீரோ" என்று உகந்தாள்; பாதி ராஜ்யம் கிட்டியது.

உலகம் இதனையே முடிந்த வெற்றி என்னும். குருபரம்பரையோ அவ்வாறு கொள்ளவில்லை. பாட்டனார் வைத்த நிதி காத்திருக்க, பேரனார் ராஜபோகத்தில் ஆழ்ந்திருந்தார். அறிவு குறையவில்லை, தமக்கு இன்னும் பெறவேண்டியது ஒன்று உண்டு என்ற நினைவே இல்லை. எளிதில் வென்றவருக்குக் கேட்டு நிற்கும் பழக்கம் வாய்ப்பது அரிது.

அவரை மீட்டவர் மணக்கால் நம்பி. இவருடைய பால்ய மேதையைப் பற்றி நாம் கேட்பதில்லை. தம் ஆசார்யரான உய்யக்கொண்டாரின் பெண்குழந்தைகள் சேற்றைக் கடக்கத் தம் முதுகையே வழியாக இட்டதையே கேட்கிறோம். அரண்மனையில் நேரே புக இயலாமையால், தளிகை செய்வாரிடம் நாள்தோறும் தூதுவளைக் கீரை கொணர்ந்து கொடுத்தார். முள்ளுள்ள கொடி அது. ஆறு மாதம் எவரும் அவரை விசாரிக்கவில்லை. பின்பு சில நாள் நிறுத்தினார். 'கீரை எங்கே?' என்று ஆளவந்தார் வினவினார். வாதில் வெல்லவொண்ணாதவரைக் கீரை வென்றது. நம்பி அவருக்குக் கீதையின் பொருளை உபதேசித்துத் திருவரங்கத்துக்கு அழைத்துச்சென்று, பெரிய பெருமாளையே பாட்டனார் தேடிய நிதியாகக் காட்டிக்கொடுத்தார்.

ஆகில் மேதை வேண்டாததோ? அன்று. ஆக்கியாழ்வானை வென்ற அந்த மதியே பின்பு ஸித்தித்ரயத்தையும் ஆகமப்ராமாண்யத்தையும் அருளிற்று. மதி மாறவில்லை, அது நிற்குமிடம் மாறிற்று.

ஆதலால் நம் குழந்தையின் மேதையை உகப்போம். அத்துடன் துளசி பறிக்கவும் மாலை தொடுக்கவும் பழக்குவோம். அங்கே ஒருமுறை கேட்டறிந்தது போதாது. நாள்தோறும் கை உழைத்தாக வேண்டும்.

ஸ்தோத்ர ரத்னத்தைத் தலைக்கட்டும்போது ஆளவந்தார் தம் வெற்றிகளில் ஒன்றையும் விண்ணப்பிக்கவில்லை. தம் நடத்தையைப் பாராமல், பாட்டனார் நாதமுனிகளைக் கடாக்ஷித்துத் தம்மிடம் ப்ரஸந்நனாக வேணும் என்றே எம்பெருமானை வேண்டினார். பாதி ராஜ்யம் வென்ற பாலகர் கற்று முடித்த பாடம் இதுவே.

அடியேன் ராமாநுஜ தாஸன்