வாடிக்கையும் நீதியும்

கடைக்காரருக்கும் அவரிடம் பொருள் வாங்குபவருக்கும் உள்ள உறவு காசோடு முடிந்துவிடுகிறதா? அல்லது அதற்கு மேலும் ஒரு கடமை உண்டா?

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழும் நாம் இதற்கு விடை தேடித் தூரம் செல்ல வேண்டியதில்லை. படுவான்கரையில் வயல், எழுவான்கரையில் கடை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு ஆறு கடந்து நெல்லும் தயிரும் வந்தன. புடைவையும் சாமானும் திரும்பிச் சென்றன. கையில் காசில்லாத மாதங்களில், "வெள்ளாமை வெட்டியதும் தாறன், காக்கா" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. சிறு கடன் கொடுத்து, அது திரும்பி வரக் கண்டு, மகளின் கலியாணப் புடைவைவரை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு அந்த வாடிக்கை வளர்ந்தது.

அது முறிவதும் பெரும்பாலும் மெல்லத்தான். நிறுவையில் சிறு குறை. தவணையில் ஒரு தவறு. கடன்பட்டவர் வெட்கத்தால் அடுத்த தெருவால் போகிறார். கடைக்காரரோ ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டுகிறார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஆனால் இருவர் மீதும் குற்றமின்றி முறிந்த வாடிக்கைகளையும் நம் மண் கண்டது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் மாண்டனர். முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற குரல் நாட்டின் பல பாகங்களில் எழுந்தது.

துயரம் உண்மை, கோபமும் இயல்பே. ஆனால் பல வருடம் நம்பிக் கடன் கொடுத்தவரா அந்தக் குண்டை வைத்தார்? ஒருவர் செய்த பாவத்தை மற்றவர் கணக்கில் எழுதுவது நீதியாகுமா? விலை கூடினால், பொருள் பழுதானால், வேறு கடைக்குப் போக நமக்கு உரிமையுண்டு. தெரிந்த மனிதரை அவரது இனத்துக்காக மட்டும் தெரியாதவராக்க உரிமையில்லை.

நல்ல சமாரியன் உவமையில் சத்திரக்காரரை நாம் கவனிப்பதில்லை. சமாரியன் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். யூதர் உறவாடாத இனத்தவன் ஒருவனின் வாய்ச்சொல்லின் மீதே அக்கணக்கு நின்றது. அடிபட்டவனின் உயிரும் அதிலேதான் தங்கியிருந்தது அன்றோ?

ஆகவே, பழைய கணக்கு ஏதும் நிலுவையில் உண்டா? இந்த வாரமே சென்று தீர்த்துவிடுங்கள். நீங்கள் கடை நடத்துபவரா? தவணை தப்பியவரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கேட்டபோது, அச்சகோதரன் எந்தக் கரையைச் சேர்ந்தவன் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.