இலாசரின் அருகில் வந்தவை



இன்றைய நற்செய்தியில் செல்வருடைய வாயிலில் இலாசர் புண்களோடு கிடக்கிறார். உள்ளே நாள்தோறும் விருந்து. அவர் அருகில் வந்தவை நாய்கள் மட்டுமே. அவை அவருடைய புண்களை நக்கின. அன்றைய யூதர்களுக்கு நாய் தீட்டான விலங்கு, ஆகவே இது இலாசருடைய அவலத்தின் உச்சம் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனாலும் அவரை நெருங்கி வந்தவை அவைதான்.

செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. இறந்தபின் பாதாளத்திலிருந்து "இலாசரை அனுப்பும்" என்று அவர் பெயர் சொல்லியே கேட்கிறார், கவனித்தீர்களா? வாசலில் கிடந்தவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தினமும் தாண்டிப் போயிருக்கிறார்.

வரும் சனிக்கிழமை, அக்டோபர் 4, விலங்குகளை நேசித்த அசிசி நகர் புனித பிரான்சிசின் திருநாள். அன்று நம் பங்கின் இளையோர் கிண்டியில் உள்ள புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்துக்குப் போகிறார்கள். விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959இல் தொடங்கிய அமைப்பு அது. மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் தூக்கி வந்ததில் ஆரம்பித்தது என்பார்கள். அங்கே என்ன வேலை நடக்கிறது, நம்மால் எதில் கைகொடுக்க முடியும் என்று பார்த்து வரத்தான் இந்தப் பயணம்.

"ஃபாதர், மனுஷனுக்கே சோறில்லை, நாய்க்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்று திருஅவையின் மறைக்கல்வியே (எண் 2418) சொல்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்பதும் அதே பத்தியில்தான் இருக்கிறது. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப் போவதில்லை. கேட்பது சில மணி நேரமும் இரண்டு கைகளும்தான்.

நாய்க்கடிக்குப் பயப்படும் தாய்மாரையும் நான் மறக்கவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால்தான் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதில் சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். உங்கள் தெருவில் காது வெட்டிய நாயைப் பார்த்தால், உங்கள் பிள்ளைக்காகவும் யாரோ உழைத்திருக்கிறார்கள் என்று நன்றி சொல்லுங்கள்.

முன்னேற்பாட்டுக்காக ஒரு காப்பகத்துக்கு நான் போயிருந்தபோது, கழுத்தில் புழு வைத்த ஒரு செவலை நாய்க்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். வாயைத் துணி நாடாவால் கட்டியிருந்தார்கள். கையுறை போட்ட இளைஞர் ஒருவர் இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட, ஒரு பெண் நாயின் தலையை மடியோடு அணைத்துக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தார். நாற்றம் தாங்கவில்லை, அவர் முகத்தைத் திருப்பவில்லை. தலையைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த மருத்துவமே நடக்காது. அந்தப் பெண் தன்னார்வலர்.

எல்லாராலும் அது முடியாது. முடிய வேண்டும் என்றும் இல்லை. கூண்டு கழுவ, கஞ்சி ஊற்ற, உண்ணி பார்க்க, பழைய போர்வைகளைக் கிழித்து விரிக்க ஆள் வேண்டும். நீதிமான் தன் கால்நடையின் உயிரைப் பேணுகிறான் என்கிறது நீதிமொழிகள் நூல். பேணுவது என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான்.

சனிக்கிழமை வருகிறவர்கள் மூடிய காலணி அணிந்து வாருங்கள். பழைய செய்தித்தாள், படுக்கை விரிப்பு இருந்தால் கொண்டு வாருங்கள். தொடர்ந்து போக நினைப்பவர்கள் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அன்றைக்கே உணர்ச்சிவசப்பட்டுப் பெயர் கொடுத்துவிட வேண்டாம். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், செபித்து, எந்த நாளில் எத்தனை மணிக்கு உங்களால் தவறாமல் வர முடியும் என்று யோசித்து, அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.