கடமையும் வேட்கையும்: ஒரு நகரசபைப் பொருளாளரின் கணக்கு

சம்பளத்துக்காகச் செய்யும் தொழிலும் உள்ளம் நாடும் வேட்கையும் ஒருவனிடத்தே ஒருங்கு வாய்க்கும்போது, அவ்விரண்டையும் அவன் எவ்வாறு சமன் செய்தல் வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் திறமை பற்றிய வினாவாகவே கொள்ளப்படுகின்றது. நேரத்தைத் திட்டமிட்டுப் பங்கிடத் தெரிந்தவன் இரண்டிலும் வெல்வான் என்பர். ஆயின் இதனுள்ளே ஒழுக்கவியல் சார்ந்த வேறொரு வினா மறைந்து கிடக்கின்றது. பங்கிடப்படும் அந்த நேரம் எவருக்குரியது? இவ்வினாவை ஆராய்வதற்கு, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து மலைகளைக் கால்நடையாகவே அளந்த அல்பிரட் வெயின்றைற்றின் வாழ்க்கை பெரிதும் துணைசெய்யும். உள்ளூராட்சிச் சேவையில் ஒரு வாழ்நாளைக் கழித்தவர் அவர். அச்சேவையின் ஓரங்களில் கிடைத்த நேரத்தைக் கொண்டே அந்நாட்டு மலைநடைக்கு ஓர் இலக்கியத்தைப் படைத்தவரும் அவரே.

1907ஆம் ஆண்டு லங்காஷயரின் ஆலைநகரான பிளாக்பேணில், ஒரு கற்றச்சரின் மகனாக வெயின்றைற் பிறந்தார். 13ஆம் வயதிலேயே பள்ளியை விட்டு அந்நகரசபைப் பொறியியலாளர் அலுவலகத்தில் ஏவற் பையனாகச் சேர்ந்தார். பின்னர் பொருளாளர் பகுதிக்கு மாறி, இரவு வேளைகளிற் பல ஆண்டுகள் கற்றுக் கணக்காளருக்குரிய தகைமையைப் பெற்றார். 1930இல், தமது 23ஆம் வயதில், உறவினர் ஒருவருடன் ஏரி மாவட்டத்துக்கு முதன்முறையாகச் சென்று, வின்டர்மியருக்கு அண்மையிலுள்ள ஓறெஸ்ற் ஹெட் என்னும் குன்றில் ஏறினார். ஏறத்தாழ 240 மீற்றர் உயரமே உடைய குன்று அது; மலை என்று சொல்வதற்கே தயங்க வேண்டியது. எனினும், ஆலைப் புகைக்கூண்டுகளின் நடுவே வளர்ந்த அவ்விளைஞரின் எஞ்சிய வாழ்நாளை அங்கிருந்து கண்ட காட்சியே தீர்மானித்தது. 1941இல், மலைகளுக்கு அண்மையில் வாழும் பொருட்டு, குறைந்த சம்பளத்தை ஏற்றுக் கென்டல் நகரசபைப் பொருளாளர் அலுவலகத்துக்கு மாறினார். 1948இல் அந்நகரின் பொருளாளரானார். 1967இல் ஓய்வுபெறும்வரை அப்பதவியிலிருந்தார்.

1952ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் அவர் ஒரு நூலின் முதற்பக்கத்தை வரையத் தொடங்கினார். ஏரி மாவட்டத்து மலைகள் அனைத்துக்கும் வழிகாட்டியாக ஏழு தொகுதிகள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டார். வார இறுதியில் மலை. வாரநாள் மாலையில் மேசை. வாகனம் ஓட்ட அவர் கற்கவேயில்லை. பொதுப் பஸ்ஸிற் சென்று, பஸ் தவறாதபடி இறங்கிவந்து சேர்வார். மலை ஒவ்வொன்றுக்கும் அதன் அமைப்பு, ஏறும் வழிகள், உச்சி, உச்சியிலிருந்து தெரியும் காட்சி, அடுத்த மலைக்குச் செல்லும் முகட்டுவழி என யாவற்றையும் பேனையாலும் மையாலும் தாமே வரைந்தார். எழுத்துகளையும் அச்சுக் கோக்கவிடாது தம் கையாலேயே எழுதினார். முதல் தொகுதியில் ஏறத்தாழ நூறு பக்கங்கள் முடிந்தபின், வரிகளின் வலப்பக்க ஓரம் நேராக அமையவில்லை என்பதற்காக அவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார். 1955இல் முதல் தொகுதியும் 1966இல் ஏழாவது தொகுதியும் வெளிவந்தன. 214 மலைகள். வகுத்த கால அட்டவணைக்கு ஒரு வாரம் முன்னதாகவே பணி நிறைவுற்றது.

இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. தொழில் மனிதனைச் சிறைப்படுத்துகின்றது, வேட்கை அவனை விடுவிக்கின்றது என்று கூறுவது இலகு. கவிஞர்கள் அவ்வாறு கூறுவதில் ஒருவகைச் சுகமும் காண்பதுண்டு. வெயின்றைற்றின் பக்கங்களைப் பார்ப்பவர் இக்கூற்றை அத்துணை எளிதில் ஏற்கமாட்டார். ஓரம் பிசகாத வரிகளும், ஒரு வழியேனும் விடுபடாத பட்டியலும், பதின்மூன்று ஆண்டுத் திட்டமும் பேரேட்டைப் பேணிய கையின் வேலைகள். பேரேடு கற்பித்த ஒழுங்கைத்தான் அவர் மலைக்குக் கொண்டுசென்றார். ஆகவே தொழிலுக்கும் வேட்கைக்கும் இடையே அவருள் ஒரு போர் நடந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. நகரின் வரியிறுப்பாளர் பார்வையிலும் குறைகூற இடமில்லை. அவர்களுடைய பணத்தைக் காக்க அமர்த்தப்பட்ட ஒருவர், அலுவலக நேரத்துக்குப் புறம்பாக, வார இறுதியில் எங்கே நடந்தார் என்பது அவர்கள் கேட்கவேண்டிய கேள்வியன்று.

சமநிலை பற்றிய பொதுப் பேச்சு இந்த இடத்தில் மனநிறைவுடன் நின்றுவிடுகின்றது. "அவர் தமது சொந்த நேரத்திலேயே செய்தார்" என்பது அதன் தீர்ப்பு. ஆனால் "சொந்த நேரம்" என்னும் கருத்தைப் படைத்தது அலுவலகமே. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை எனக்குரியது, எஞ்சியது உனக்குரியது என்று அலுவலகம் சொல்கின்றது. தான் உரிமை கோராத நேரத்தை அது கைவிடுகின்றது என்பதுதான் இதன் பொருள். அந்நேரத்தின்மீது வேறெவருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு இல்லை. அலுவலகத்தின் வரையறையை வீட்டுக்கும் வரையறையாகக் கொள்பவன், தான் அறியாமலே வீட்டையும் அலுவலகத்தின் கிளையாக்கிவிடுகின்றான்.

வெயின்றைற் 1931இல் ரூத் ஹோல்டன் என்பவரை மணந்தார். ஆலைத் தொழிலாளியாயிருந்த பெண் அவர். 1933இல் ஒரு மகன் பிறந்தான். 1941இற் குறைந்த சம்பளத்தை ஏற்றபோது, அக்குறைவு மூவர் உண்ணும் மேசைக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த மலைகளோ முதன்மையாக ஒருவருக்கே உரியனவாயின. வார இறுதிகள் மலைக்கும், மாலைகள் வரைதலுக்கும் சென்றபின் வீட்டுக்கு எஞ்சியது யாது? ஏழாவது தொகுதி முடிந்து, கணவர் ஓய்வுபெறவிருந்த வேளையில் ரூத் வீட்டைவிட்டு நீங்கினார். மணமுறிவு பின்தொடர்ந்தது. கணவர் முழுநேரமும் வீட்டிலிருக்கப்போகும் காலம் தொடங்குமுன்பே மனைவி வெளியேறினார் என்பதைக் கவனித்தல் வேண்டும். அலுவலகம் பறித்த நேரம் மீண்டால் யாவும் சீர்ப்படும் என்னும் நம்பிக்கை அங்கே இருக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்புரை உண்டு, அது வலிமையானதும்கூட. அந்த மணவாழ்வு தொடக்கம் முதலே பொருந்தாதது, மலைகள் அதனைக் குலைக்கவில்லை, குலைந்திருந்த ஒன்றிலிருந்து அவருக்குப் புகலிடமே தந்தன என்பது அம்மறுப்பு. 1995இல் ஹன்ரர் டேவிஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படிப்போர் இதனை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. இருவருக்கிடையே அன்பு வற்றியபின் ஒருவர் வீட்டிலேயே இருந்து வருந்துவதால் மற்றவருக்கு என்ன நன்மை? இவ்வாதத்தை முற்றாக ஏற்றுக்கொண்டாலும் ஒன்று எஞ்சுகின்றது. அப்புகலிடம் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. மகிழ்ச்சியற்ற வீட்டிலிருந்து இருவருள் ஒருவர் சனிக்கிழமை காலை பஸ் ஏறினார். மற்றவருக்கு அத்தகைய பஸ் எதுவும் வரவில்லை. தொழில் முயற்சியின் நோக்கமே ஓய்வு என்றும், ஓய்வு என்பது கேளிக்கையன்று, உயர்ந்த செயலுக்குரிய வெளி என்றும் அரிஸ்ரோட்டில் கருதினார். மலைமேல் நின்ற வெயின்றைற் அக்கருத்துக்கு ஏற்ற சான்று. அதே அரிஸ்ரோட்டில் கண்ட குடிமகனின் ஓய்வு, அடிமைகளும் பெண்களும் சுமந்த வீட்டின்மீதே நின்றது என்பதையும் சேர்த்தே நினைத்தல் தகும்.

பேர்னாட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 1976இல் ஒழுக்க நற்பேறு பற்றி எழுதியபோது, குடும்பத்தைத் துறந்து ஓவியத்தை நாடிச் சென்ற கோகானை ஒத்த ஒருவரை எடுத்துக்காட்டினார். அவருடைய செயலுக்கு நியாயம் கிடைக்குமாயின், அது அவர் ஓவியராக வெற்றிபெறுவதில் தங்கியிருக்கும். அவ்வெற்றியோ முன்கூட்டி அறியமுடியாதது. வெற்றி கிட்டினாலும் கைவிடப்பட்டோர் தம் முறையீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வெயின்றைற் வெற்றி பெற்றார். இலட்சக்கணக்கானோர் அவர் வரைந்த வழிகளில் நடந்துள்ளனர். தம் நூல்களால் வந்த பணத்தின் பெரும்பகுதியை அவர் ஆதரவற்ற விலங்குகளின் காப்பகத்துக்கு வழங்கினார். இவையெல்லாம் மெய்யான நன்மைகள். ஆயினும் கோகானிலிருந்து அவர் ஒருவகையில் வேறுபடுகின்றார். அவர் எவரையும் விட்டுச் செல்லவில்லை. தொழிலை விடவில்லை, வீட்டை விடவில்லை, ஒவ்வொரு மாலையும் திரும்பி வந்தார். பிரிந்து செல்பவனிடத்து, விலை கொடுப்பவர் எவர் என்பது உலகுக்குத் தெரியும், அவனும் அறிவான். திரும்பி வருபவனிடத்து அது எவர் கண்ணிலும் படுவதில்லை. சமநிலை என்று புகழப்படுவதன் ஆபத்து இதுவே: அது விலையைக் குறைப்பதில்லை, பதிவு செய்யப்படாத இடத்துக்கு மாற்றிவிடுகின்றது. கணக்காய்வில் அனுபவமுள்ள எவருக்கும் இவ்வகைப் பிழை புதிதன்று. ஐந்தொகையின் இருபக்கமும் பொருந்திவிடும். பேரேட்டில் ஏறாத கடன் அவ்வண்ணமே இருக்கும்.

அவர் மலைகளைக் கைவிட்டிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படாது. ஆனால் அப்பதின்மூன்று ஆண்டு அட்டவணையைப் பாருங்கள். அதனை வற்புறுத்தியவர் எவருமிலர். பதினாறு அல்லது இருபது ஆண்டுகள் சென்றிருந்தாலும் மலைகள் அங்கேயே இருந்திருக்கும். அலுவலகம் விடுத்த ஒவ்வொரு மாலையையும் அவர் இன்னோர் அலுவலகத்துக்கு, தாமே அமைத்துத் தாமே ஆண்ட ஓர் அலுவலகத்துக்கு, ஒப்படைத்தார். அதில் விடுமுறை இருக்கவில்லை.

1970இல் அவர் பெற்றி மக்னலி என்பவரை மணந்தார். வாகனம் ஓட்டத் தெரிந்தவர் அவர். பிற்காலத்து மலைப்பயணங்களில் வெயின்றைற் தனியே செல்லவேண்டியிருக்கவில்லை. 1991 ஜனவரியில் அவர் காலமானார். சில வாரங்களின் பின், அவர் விரும்பியவாறே, 597 மீற்றர் உயரமான ஹேஸ்ராக்ஸ் மலையிலுள்ள சிறு குளமொன்றின் அருகே அவருடைய சாம்பல் தூவப்பட்டது. அதனைச் சுமந்து ஏறியவர்கள் பெற்றியும், கென்டல் நகரசபையில் அவருடன் பணிபுரிந்த பழைய தோழர் ஒருவரும்.