கோட்டை விட்டுப்போன மண்

மதுரையின் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் ஒரு காலத்தில் மதிலும் அகழியும் கிடந்த இடம். 1763-64இல் அந்த மதிலை நம்பித்தான் மதுரை ஆளுநராக இருந்த யூசுப் கான் கும்பினிப் படையை மாதக்கணக்கில் தடுத்து நின்றார். போர்கள் ஓய்ந்தபின் மதில் ஊரை நெருக்கியது. அகழியில் தேங்கிய நீர் நோயைத் தந்தது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தையே கொடுக்க ஏற்பாடு செய்தார். நன்றியாக ஊரார் அவருக்கு விளக்குத்தூண் நிறுத்தினார்கள்.

படை கைவிட்ட நிலம் யாருக்குச் சேர வேண்டும்? ஏலம் விடுவதைவிட பிளாக்பர்னின் வழி நேர்மையானது. அங்கே விலை உழைப்பு. ஆனால் உழைப்பை விலையாக்கினால் உழைக்க முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியை இந்த ஊர் அதற்கும் வெகுமுன்பே கேட்டுவிட்டது. திருவிளையாடல் கதையில், வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று விதித்தபோது, பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வர வேண்டியிருந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படும் இந்தக் கதை, சமமான பங்கீடு நியாயமான பங்கீடாகிவிடாது என்கிறது. ஆள் வைத்து அகழியைத் தூர்க்க முடிந்தவனுக்கும் தன் ஒரு தலையில் மண் சுமந்தவனுக்கும் ஒரே விதி என்றால், முன்னவனுக்கே அதிக மனை சேரும்.

உழைப்புக்கும் முந்திய உரிமை ஒன்று உண்டு: அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்தவர்களின் உரிமை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேற்றப்பட்டவர்கள், இராணுவம் பிடித்துவைத்த தங்கள் காணிக்காகப் பல ஆண்டுகள் முகாம்களில் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் எவ்வளவு நல்ல புதுக் குடியிருப்பை வரைந்தாலும் அது இரண்டாவது வெளியேற்றம்தான்.

உரியவர் எவரும் இல்லாத நிலத்தில், நிலமற்றவர்களுக்காகத் தன்னிறைவான ஊர் அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். டி. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, அக்கம்பக்கத்து உழைப்பால் உணவும் உடையும் கிடைக்கும் வாழ்வை நிலைத்த பொருளாதாரத்துக்கு ஏற்றதாகக் கருதினார். ஆனால் மதுரைச் சமவெளியில் தண்ணீர் எந்த ஊருக்கும் தனிச்சொத்தல்ல. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ் கண்மாய்க்கு நீர். தன் எல்லைக்குள் விழும் மழையை எல்லாம் தனக்கே தேக்கிக்கொள்ளும் குடியிருப்பு, தன்னிறைவு என்ற பெயரில் பழைய மதிலையே மறுபடி எழுப்புகிறது. ஆகவே அதன் வரைபடத்தில் வீடுகளுக்கு முன்னால் வரத்துக் கால்வாயும் மறுகாலும் குறிக்கப்பட வேண்டும். கீழ் கண்மாய்ப் பாசனக்காரர்கள் அதைப் பார்த்துச் சம்மதிக்கும் வரை அங்கே ஓர் அஸ்திவாரமும் தோண்டக்கூடாது.