பழி யார் மேல்

2018 ஜூன் 8ஆம் தேதி ‘ஹெரிடிட்டரி’ அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. ஆரி ஆஸ்டர் என்ற இளம் இயக்குநரின் முதல் முழுநீளப் படம். ஜனவரியிலேயே சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்த்துவிட்ட விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தார்கள். ஆனால் முதல் நாள் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் போட்ட மதிப்பெண் டி பிளஸ்.

சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம் எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்தக் கணக்கெடுப்பைச் செய்து வருகிறது. முதல் நாள் காட்சிக்கு வருகிறவர்களிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, ஏ முதல் எஃப் வரை மதிப்பிடச் சொல்வார்கள். முதல் நாளே ஆசைப்பட்டு வருகிற கூட்டம் பொதுவாகக் கை தாராளமான கூட்டம். சுமாரான படம்கூட பி வாங்கிவிடும். திகில் படங்களுக்குக் கொஞ்சம் குறைவாக விழுவது வழக்கம்தான் என்றாலும், டி பிளஸ் என்பதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் படம் தோற்கவில்லை. சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் ஏறத்தாழ 8 கோடி டாலர் வசூலித்தது. அவ்வளவு பேர் போய்ப் பார்த்த படத்தின் மேல் ஏன் அவ்வளவு ஆத்திரம் என்பதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ரசனை இல்லாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படம் எங்கே தொட்டதோ அங்கே அவர்களுக்கு வலித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முழுக்கதையையும் சொல்லித்தான் இதை எழுத முடியும். ஒரு பாட்டி இறந்துபோகிறாள். மகள் ஆனி, அவள் கணவன் ஸ்டீவ், பதின்வயது மகன் பீட்டர், பதிமூன்று வயது மகள் சார்லி, இவ்வளவுதான் குடும்பம். முன்னோட்டத்தில் சார்லியின் முகத்தைத்தான் பெரிதாகக் காட்டினார்கள். நாக்கைச் சொடுக்கி அவள் எழுப்பும் சத்தத்தையும் காட்டினார்கள். பேய் பிடித்த குழந்தையைப் பற்றிய படம் என்று நம்பித்தான் கூட்டம் வந்தது. படம் தொடங்கி அரை மணி நேரம் தாண்டியதும் அந்தக் குழந்தை செத்துப்போகிறாள்.

எப்படிச் சாகிறாள் என்பதைச் சொல்ல வேண்டும். பீட்டர் நண்பர்களின் விருந்துக்குக் கிளம்புகிறான். தங்கையையும் கூட்டிப்போ என்று ஆனி வற்புறுத்துகிறாள். அங்கே சார்லி சாப்பிட்ட கேக்கில் அவளுக்கு ஒவ்வாத கொட்டைப்பருப்பு இருக்கிறது. தொண்டை அடைத்துக்கொள்கிறது. பீட்டர் அவளைப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு இருட்டுச் சாலையில் காரை விரட்டுகிறான். மூச்சுக்குத் தவித்து அவள் சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்ட, சாலையில் கிடந்த விலங்கின் உடலைத் தவிர்க்க அவன் வண்டியை ஒடிக்க, ஓரத்தில் நின்ற கம்பம் தலையைக் கொண்டுபோகிறது.

எனக்கு அதைவிடக் கொடுமையாகப் பட்டது அடுத்து வருவதுதான். வண்டி நிற்கிறது. பீட்டர் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடிப் பக்கம் போகப் பார்த்த கண்ணைப் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறான். பிறகு மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவருகிறான். யாரையும் எழுப்பாமல் மாடியேறிப் போய்க் கட்டிலில் படுக்கிறான். பொழுது விடிகிறது. வெளியே போகக் கிளம்பும் அம்மாவின் குரல் கீழே கேட்கிறது. அதற்குப் பிறகு அவளுடைய அலறல். அவ்வளவு நேரமும் கேமரா பீட்டரின் திறந்த கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

படம் முடிந்து பார்வையாளர்கள் கேட்ட கேள்விகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒவ்வாமை உள்ள குழந்தையை மருந்து ஊசி இல்லாமல் எப்படி அனுப்பினார்கள்? இவன் ஏன் தங்கையைத் தனியே விட்டுவிட்டு வேறு அறைக்குப் போனான்? உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே? அம்மாவை ஏன் எழுப்பவில்லை? திரைக்கதையின் ஓட்டைகளைத்தான் கண்டுபிடித்துவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள். இதே மாதிரிக் கேள்விகள் துக்க வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் வாயிலிருந்து வருவதை நான் கேட்டிருக்கிறேன்.

என் பெரியப்பா வீட்டில் அப்படியொரு சாவு நடந்தது. அண்ணன் வண்டி ஓட்டினார், பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி போய்விட்டான். பந்தல் போட்ட தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். “அந்த நேரத்துல எதுக்கு வண்டிய எடுத்தான்?” “லைட்டே கெடையாத ரோடாச்சே, தெரியாதா?” “ஹெல்மெட் போடலையா?” கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்கவில்லை. இப்படிச் செய்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று ஒரு வழி கிடைத்துவிட்டால், நம் வீட்டுக்கு அது வராது என்று நம்பிக்கொண்டு திரும்பிப் போகலாம். அந்தக் கேள்விகளெல்லாம் உள்ளே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் காதில் விழுந்துகொண்டிருந்தன என்பதுதான் கொடுமை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குள் வேறொரு மௌனம் வந்தது. பெரியம்மா அண்ணனுக்குத் தட்டு வைப்பார். சோறு போட்டுக் குழம்பு ஊற்றுவார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். ‘ஹெரிடிட்டரி’யில் வரும் சாப்பாட்டு மேசைக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆனி வாய் திறக்காமல் சாப்பிடுகிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு என்று பீட்டர் தூண்டிவிட, அவள் எழுந்து நின்று கொட்டித் தீர்க்கிறாள். டோனி கொலெட் என்ற நடிகையின் முகம் அந்த ஓரிரு நிமிடத்தில் எத்தனை விதமாக உடைகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வீட்டில் எவரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான் அவள் குற்றச்சாட்டு. அப்போது பீட்டர் தன் பங்குக்கு ஒன்று கேட்கிறான். சார்லிக்கு அந்த விருந்துக்குப் போகவே இஷ்டமில்லை, அப்புறம் அவள் ஏன் அங்கே இருந்தாள்? அந்தக் கேள்விக்கு மேசையில் யாரும் பதில் சொல்வதில்லை. பேயும் பிசாசும் வராத இந்தக் காட்சிதான் படத்திலேயே மிகவும் பயமானது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நானும் அதையே சொல்வேன்.

பேய் பிறகுதான் வருகிறது. பாட்டி ஒரு ரகசியக் கூட்டத்தின் தலைவி. பைமோன் என்ற பூதத்துக்கு ஓர் ஆண் உடலைப் பிடித்துக்கொடுக்க, தன் குடும்பத்தையே காவுகொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுச் செத்திருக்கிறாள். சார்லியின் தலையைக் கொண்டுபோன அந்தக் கம்பத்திலேயே கூட்டத்தின் முத்திரை செதுக்கியிருக்கிறது. விருந்துக்குப் போகும் வழியில் கேமரா அதைச் சில நொடிகள் காட்டிவிட்டுத்தான் போகிறது. ஆக, விபத்து விபத்தே அல்ல.

இந்த இடத்தில் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் முதல் ஒன்றரை மணி நேரத்தை வீண் என்றார்கள். இன்னொரு சாரார், அவ்வளவு உண்மையாகப் போய்க்கொண்டிருந்த குடும்பக் கதையைக் கடைசியில் பூதத்தைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டார் என்றார்கள். முதலில் நானும் இரண்டாம் கட்சிதான். இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. பூதம் வந்ததும் என் மனம் இறுக்கம் தளர்ந்ததைக் கவனித்தேன். பழி போய்விட்டது. பீட்டர் ஓட்டாவிட்டாலும் அது நடந்திருக்கும், ஆனி அனுப்பாவிட்டாலும் நடந்திருக்கும். இத்தனை ரத்தத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒருவித ஆறுதல் அது. ஆஸ்டரும் இதை அறிந்தே செய்திருக்கிறார். தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி வருகிறது. கிரேக்க நாயகன் ஹெராக்ளீஸின் முடிவு விதி என்றால் அது குறைந்த துயரமா, கூடுதல் துயரமா என்று வகுப்பில் பேசுகிறார்கள். பீட்டர் அதைக் கவனிப்பதில்லை.

பெரியப்பா வீட்டிலும் அந்த ஆறுதல் வந்தது. குறி சொல்கிறவரிடம் பெரியம்மா போனார். பங்காளி வகையில் யாரோ செய்வினை வைத்திருப்பதாக அவர் சொன்னார். தோண்டி எடுத்துக் காட்டவும் செய்தார். அந்த வாரத்திலிருந்து பெரியம்மா அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைத் திரும்பப் பார்க்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் என் கண் முன்னால் இருக்கிறது. அன்றோடு எதிர்வீட்டுச் சித்தப்பா குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. நல்லது கெட்டதுக்குக்கூட வாசல் மிதிப்பதில்லை. அண்ணனுக்கும் அது பலிக்கவில்லை. செய்வினை எடுத்த பிறகும் இரவெல்லாம் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். வருடங்கள் கழித்து, பெரியப்பா படுக்கையில் விழுந்திருந்தபோது அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் கடைக்குப் போயிட்டு வாங்கன்னு அனுப்புனது நான்டா.” எனக்கு இதைச் சொன்னபோது அண்ணன், “அன்னிக்குத்தான்டா தூங்குனேன்” என்றார்.

‘ஹெரிடிட்டரி’யில் பெரியப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஆனி மினியேச்சர் கலைஞர். வீடு, மருத்துவமனை என்று தன் வாழ்க்கையைக் கையடக்கமாகச் செய்து வைப்பவள். மகள் செத்த இடத்தையும் அப்படியே செய்கிறாள்: சாலை, கம்பம், கார், துண்டான தலை. ஸ்டீவ் அதிர்ந்துபோய், பீட்டர் இதைப் பார்த்தால் என்னாவது என்று கேட்கிறார். நடந்ததை நடுநிலையாகக் காட்டுவதுதான் இது என்கிறாள் ஆனி. தூரிகையின் நுனியில் அவ்வளவு கவனம், மகனிடம் பேச மட்டும் வாய் வரவில்லை.

ஸ்டீவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கையாலாகாத கணவன் என்று சிலர் எரிச்சல்பட்டதைக் கேட்டிருக்கிறேன். கேப்ரியல் பைர்ன் அந்தப் பாத்திரத்தைத் தோளில் பாரம் சுமப்பவர் போலச் செய்திருக்கிறார். மேசைச் சாப்பாட்டைச் சமைத்தது அவர்தான். பள்ளிக்கூடத்தில் பீட்டர் தன் முகத்தைத் தானே மேசையில் மோதி மூக்கை உடைத்துக்கொண்ட நாளில் ஓடிப்போய்க் கூட்டிவருவதும் அவர்தான். வரும் வழியில் காரில் அழுகிறார். அது பீட்டருக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரிகிறது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த முகத்தோடேயே பின்னால் திரும்பி மகனைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். அதனால் பூதத்தின் கூட்டம் வராமல் போயிருக்காது. பீட்டர் அந்தக் கடைசி இரவை வேறு ஒருவனாகச் சந்தித்திருப்பான்.